நர்மதாவின் கால் வேலை குறித்த ஆய்வறிக்கை

தோற்றதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் கலையில் குரும்பலூர் மின்னல் மகளிர் கூடைப்பந்துக் கழகத்தை மிஞ்ச இப்பூவுலகில் ஆளில்லை. பதினோரு ஆட்டம் ஆடிப் பதினொன்றிலும் தோற்றோம். கடைசியாக அரியலூரில் அறுபத்து நான்குக்கு ஏழு. அந்த ஏழில் இரண்டு, எதிரணிப் பெண் கூடை மாறிப் போட்டது. உடனே 'செயல்திறன் ஆய்வுக் குழு' அமைத்தோம். தலைவர் சிவசுப்பிரமணியன், முப்பது ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவர், ஆகவே விளையாட்டு வல்லுநர். செயலாளர் அடியேன். என்னிடம் விசில் இருக்கிறது.

குழு மைதானத்திலேயே கூடியது. தளம் முழுக்கச் சோளம் காய்ந்துகொண்டிருந்ததால் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டோம். மூன்று மாதமாக அங்கேதான் காய்கிறது. காலையும் மாலையும் வீராங்கனைகள் வரிசையாகக் காலைத் தேய்த்து நடந்து அதைக் கிளறிவிடுவார்கள். தலைவர் இதற்குக் 'கால் பயிற்சி' என்று பெயர் வைத்திருக்கிறார். பெரிய மனிதர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

முதலில் தேவயானி. கைக்கு வந்த பந்தைத் தரையில் தட்டவே மாட்டாள். இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்பாள். 'சோம்பல்' என்று குறித்தோம். கேப்டன் நர்மதாவின் நிலை இன்னும் கவலைக்கிடம். அரியலூரில் பந்தைக் கையில் பிடித்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலைத் தேய்த்துக்கொண்டே போனாள். திரும்பி, பக்கத்து வரிசையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். நடுவர் வாயிலிருந்து விசிலை எடுக்கவே இல்லை.

இவளுக்குத்தான் எங்கள் சான்றிதழ் வேண்டுமாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர நாளை கடைசி நாள்.

"ஐயா, சோளத்து மேல பந்து எழும்பாதுங்க. வுழுந்த எடத்துலயே குந்திக்குது. ஒரு வாரம் தளத்தக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா..." என்றாள் நர்மதா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் தலைவர்.

'தகுதியற்றவர், சான்றிதழ் மறுக்கப்படுகிறது' என்று ஏகமனதாக எழுதினேன். அந்த நேரம் பார்த்து மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏ புள்ளைவளா, அள்ளுங்க, அள்ளுங்க," என்று தலைவர் எழுந்தார்.

நர்மதா கூடைக் கம்பத்தடியில் உட்கார்ந்தாள். மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

"தகுதி இல்லாதவ எப்புடிங்கய்யா அள்றது?"

இரண்டாவது சொட்டு விழுந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"எழுதுய்யா. நர்மதா ஒப்பற்ற வீராங்கனை. கால் வேலையில மாவட்டத்துலயே மொதல் ஆளு."

"இப்பத்தானுங்களே தகுதியற்றவர்னு எழுதுனோம்?"

"அது வெயிலடிச்சப்ப எழுதுனது."

கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பையில் பத்திரப்படுத்திய பிறகே நர்மதா எழுந்தாள். பத்துப் பேரும் சோளத்தைக் கூட்டி அள்ளி, சாக்கில் கட்டி, கைமாற்றிக் கைமாற்றிக் கொட்டகைக்குள் சேர்த்தார்கள். மழை பிடிப்பதற்குள், இருபதே நிமிடம். ஒரு மணிகூட நனையவில்லை. அப்படியோர் ஆட்டத்தை அரியலூர் அணி கனவிலும் ஆடியிருக்காது.

தளத்தில் சிமெண்டு தெரிந்தது. தேவயானி பந்தை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அது நெஞ்சு வரை எழும்பி வந்ததும் பயந்து விலகிக்கொண்டாள்.

"வெயில் வந்ததும் மறுபடி பரப்பிடணும்," என்று தலைவர் தீர்மானம் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். கொட்டகைக்குள் போனதில் எட்டு மூட்டை என்னுடையது.