பழைய ஓனரின் சம்மதம்

டி.வி. திரையில் பெரிய பூட்டுப் படம் ஒன்று வந்து நின்றது. அதன் கீழே நான்கு வரி கொரிய எழுத்து.

“இன்னாயா சொல்லுது?” என்றாள் சரோஜா. அவள் வீடியோ கேமில் ஓட்டிக்கொண்டிருந்த கார் மலைவளைவில் திரும்பும்போது பார்த்துத்தான் இந்தப் பூட்டு குறுக்கே விழுந்திருந்தது.

அவள் புருஷன் எல்லப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அதாவது, படிப்பதுபோல் பார்த்தார். ஒரகடத்தில் காருக்கு டாஷ்போர்டு செய்யும் கொரியாக்காரர் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். கொரிய பாஷை தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று குன்றத்தூரில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவருக்குத் தெரிந்தது இரண்டே சொற்கள். ஒன்று வணக்கம். இன்னொன்று ‘பல்லி பல்லி’. சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் கொரிய மேனேஜர் அப்படிக் கத்தியபோது, எல்லப்பன் அண்ணாந்து கூரையில் பல்லியைத் தேடினார் என்பது இன்றைக்கும் கேன்டீனில் ஓடுகிற கதை.

“எழுத்து பொடிசா கீது. கண்ணாடி எடுத்தாரேன், இரு” என்று எழுந்தவர், சமையலறைக்குப் பின்னால் போய் ஜெபகுமாருக்குப் போன் அடித்தார்.

அந்த விளையாட்டுப் பெட்டியை நேற்றுத்தான் அவருக்கு விற்றிருந்தான் ஜெபகுமார். அவர் லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறவன். நாசரேத் பக்கத்துப் பையன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு கொரிய இன்ஜினியர் பிரிக்காத பெட்டியாக அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். ‘ரூம்ல வச்சா ஒருத்தனும் தூங்க மாட்டேங்கான் சார்’ என்று சொல்லி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான்.

“அது செகண்ட் ஹேண்ட் லாக்கு சார்” என்றான் போனில். “இப்பம் புது ரூல். கேமை மொதல்ல வாங்குனவன் பேரை மிஷின் மனசுல வச்சுக்கிடும். கை மாறிச்சுன்னா பழைய ஓனர் சம்மதம் கேக்கும். என் போனுக்கு நம்பர் வந்துருக்கு, சொல்லுதேன், போடுங்க. ஆமா, சாப்ட்டீயளா?”

சாப்பிட்டாயிற்று என்று எல்லப்பன் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். லைனில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவனாவது இப்படிக் கேட்டதுண்டா?

கூடத்துக்கு வந்து, அப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தவர்போல விளக்கினார்.

சரோஜாவுக்கு அது பிடிக்கவில்லை. “இன்னாயா அநியாயம் இது! என் நாத்தனா குடுத்த குக்கர்லதான் தெனம் சோறு வைக்கிறேன். விசில் வர்றதுக்கு முன்னாடி அவளையா கேட்டுக்கினு கீறேன்?”

“அப்படி இல்லடி. கேமு செஞ்சவன் எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பான்? ஒரே டிஸ்கை பத்துப் பேரு மாத்தி மாத்தி ஆடினா அவனுக்கு இன்னா மிஞ்சும்? சிஸ்டம்னா சிஸ்டம்தான்.”

சிஸ்டம் என்பது எல்லப்பனின் குலதெய்வம். லீவு கேட்டு யார் வந்து நின்றாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “சிஸ்டம்ல எடம் இல்ல. என்னப் பெத்த அப்பனே வந்து கேட்டாலும் லீவு கெடையாது.” போன வியாழக்கிழமைகூட, ஊர்ச் சர்ச்சில் அசனப் பண்டிகை, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், நாலு நாள் வேண்டும் என்று வந்த ஜெபகுமாரிடம் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காக அவன் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை பாருங்கள், அதுதான் பெரிய மனசு.

ஒரு மணி நேரம் கழித்துப் பூட்டு மறுபடியும் வந்தது.

“மறுபடியுமா?” என்று போனில் அலறினார் எல்லப்பன்.

“ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா கேக்கும் சார். இன்னைக்குப் போதும். கண்ணு கெட்டுரும், போய்ப் படுங்க.”

மறுநாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. சரோஜா மூன்றாவது மலையைத் தாண்டிவிட்டாள். நான்காவது மலையில் பனி பெய்கிறதாம். சாயங்காலம் எல்லப்பன் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, “நம்பர் வாங்கியாந்தியா?” என்பாள். இல்லை என்றால் தட்டில் உப்புமா விழும். ரேஷன் ரவை உப்புமா.

ஜெபகுமாருக்கு அப்போது செகண்ட் ஷிப்ட். லைனுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில்தான் கிடக்கும். ராத்திரி வரை நம்பர் கிடைக்காது. எல்லப்பன் யோசித்தார். அவனை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு மாற்றினார்.

ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வந்தால் சாயங்காலம் ஓ.டி. பார்க்க வேண்டும். அப்போதும் போன் லாக்கரில். எல்லப்பன் அவன் ஓ.டி.யை நிறுத்தினார்.

அவனை அனுப்பிவிட்டால் ஸ்க்ரூ முடுக்க ஆள் இல்லை. எல்லப்பனே முழுக்கையை மடித்துவிட்டு லைனில் நின்று முடுக்கினார். பழக்கம் விட்டுப்போன கை. பின்னாலிருந்து கொரிய மேனேஜர், “பல்லி பல்லி!” என்றார். இந்த முறை எல்லப்பன் அண்ணாந்து பார்க்கவில்லை.

முதுகு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் அவருக்குக் கொள்கை மாறியது.

“காசு குடுத்து வாங்கினது என் பொருளு!” என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினார். “வித்துட்டா வித்ததுதான். பழைய வண்டி வாங்கினவன், தெனம் காலையில வித்தவன் வூட்டு வாசல்ல நின்னு ‘அண்ணே, கிக்கரை உதைக்கவா’ன்னா கேட்டுக்கினு கீறான்? இவனுங்க மேல கேஸ் போடணும்.”

“அன்னிக்கு சிஸ்டம்னா சிஸ்டம்னே?” என்றாள் சரோஜா, பனிமலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அது நம்ம கம்பெனி சிஸ்டம். இது அவனுங்க சிஸ்டம்.”

மறுநாள் டீ இடைவேளையில் ஜெபகுமாரை ஓரமாகக் கூப்பிட்டார். “ஏம்பா, இத்த ஒரேயடியா எடுக்க முடியாதா?”

ஜெபகுமார் தலையைச் சொறிந்தான். “எடுக்கலாம் சார். ஆனா அதுக்கு உள்ள பாஸ்வேர்டு என் பழைய சிம்முல கெடக்கு. சிம்மு ஊர்ல கெடக்கு.”

“யாரையாவது பாத்து சொல்லச் சொல்லேன்.”

“நான் எங்க வச்சேன்னு எனக்கே தெரியல சார். நேர்ல போய்த் தேடுனாத்தான் உண்டு. ஒரு நாலு நாள் ஆவும்.”

எல்லப்பன் திடுக்கிட்டார். திங்கட்கிழமை ஆடிட். கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து லைனைத் துருவிப் பார்க்கப் போகிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஆள் ஏற்கெனவே பற்றாது. இத்தனை வருடத்தில் ஆடிட் வாரத்தில் அவர் ஒருவருக்கும் லீவு கொடுத்ததில்லை. தன் சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்குக்கூட அவர் போனதில்லை. லைனில் அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

ஆனால் சரோஜா ஞாயிற்றுக்கிழமைக்குத் தெருப் பெண்களையெல்லாம் போட்டிக்குக் கூப்பிட்டுவிட்டாள். ஜெயிக்கிறவளுக்குக் குக்கர் பரிசு.

எல்லப்பன் லீவு சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

செய்தி லைன் முழுக்கப் பரவியது. கடைசியில் நின்று ஸ்டிக்கர் ஒட்டும் சுகப்பிரியா முகத்தைப் பச்சைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு கேட்டாள்: “பெத்த அப்பனே வந்து கேட்டாலும் லீவு கெடையாதுன்னு சொல்லுவீங்களே சார்?”

எல்லப்பனும் விட்டுக்கொடுக்கவில்லை. “அப்பன் கேட்டாத்தான் கெடையாது. இவன் கேட்டான், குடுத்தேன். இப்ப இன்னான்ற?”

லைன் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. ஒருவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டான். தன் பேச்சில் இவ்வளவு நகைச்சுவை இருக்கிறதென்று எல்லப்பனுக்கே அன்றுதான் தெரிந்தது. மனசு லேசாக ஆனது.

வெள்ளிக்கிழமை ஜெபகுமார் ஊருக்குப் பஸ் ஏறினான். “சமத்தா இருங்க சார்” என்று போனில் சொன்னான். அதன்பிறகு போன் அணைந்துவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள செம்மணல் தேரிக்காட்டில் டவர் கிடையாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

ஞாயிறு காலை கூடத்தில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குக்கர் நடுவில் மாலையோடு இருந்தது. டி.வி.யில் பூட்டு இருந்தது.

“அதான் உனுக்குக் கொரியன் தெரியுமே. நீயே பேசிக் கழட்டுய்யா” என்றாள் சரோஜா. ஒன்பது பெண்களும் அவரை நம்பிக்கையோடு பார்த்தார்கள்.

எல்லப்பன் பெட்டியைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டியை விட்டார். அங்கே கொரியர்கள் தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பில் ரஞ்சனி இருக்கிறாள். முன்பு அவர் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அவருக்கு எவ்வளவு கொரியன் தெரியும் என்கிற ரகசியம் தெரிந்த ஒரே ஆள். வெளியே சொல்லாத பெண்.

“ரஞ்சனிம்மா, மானத்தைக் காப்பாத்து. செகண்ட் ஹேண்ட் கேமுக்குப் பூட்டுப் போட்டு வச்சிக்கீறானுங்க கொரியாக்காரனுங்க.”

ரஞ்சனி விடுதி டி.வி.யில் பெட்டியை மாட்டினாள். பூட்டு வந்தது. அந்த நான்கு வரியை ஒருமுறை படித்தாள். எல்லப்பனை ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாம்மா? பழைய ஓனரைக் கேக்கச் சொல்லுதா?”

“ஓனரைப் பத்தி ஒண்ணுமே இல்ல சார். இந்த மிஷின்ல செகண்ட் ஹேண்டுக்கு லாக்கே கிடையாது. எங்க கெஸ்ட் எல்லாம் பழைய டிஸ்க்தான் வாங்கி விளையாடறாங்க.”

“பின்ன இது?”

“சின்னப் பசங்க ரொம்ப நேரம் விளையாடக் கூடாதுன்னு பெத்தவங்க போடற லாக். முதல் வரில குழந்தை பேரு எல்லப்பன்னு இருக்கு. ரெண்டாவது வரில வயசு ஏழு. மூணாவது, இன்னிக்கு விளையாண்டது போதும்.”

எல்லப்பனுக்குக் காது சூடேறியது. லைன் சிரித்த சிரிப்பு திரும்பக் கேட்பதுபோல் இருந்தது.

“நாலாவது வரி?” என்றார்.

“இன்னும் வேணும்னா ஜெபகுமாரைக் கேளுன்னு இருக்கு சார். அவர் பேருக்குப் பக்கத்துல ஒரு வார்த்தை போட்டிருக்கு. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவே வேண்டாம், கொரியன்லயும் அது ‘அப்பா’தான்.”