மீட்டிங்கில் இருக்கிறார்கள்

"தண்ணி எங்கன்னு கேட்டா மீட்டிங்குன்றாங்க. மீட்டிங்க குடத்துல புடிச்சி குடிக்க முடியுமா?"

நகராட்சி ஆபீஸ் வராந்தாவில் பக்கத்து வீட்டு சைரா போட்ட சத்தத்தில் தப்பே இல்லை. ஆம்பூரில் எங்கள் தெருக் குழாயில் வந்துகொண்டிருந்தது தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறிய தண்ணீரின் நிறம். வாசமும் அதற்குக் குறையவில்லை. நாங்கள் கேட்டது ஒரு லாரி நல்ல தண்ணீர்.

"சார் மீட்டிங்ல இருக்காரு," என்று பியூன் பிரேம்நாத் கதவை மறித்தார்.

மீட்டிங் என்றால் நாலு பேர் கூடிப் பேசுவது என்று கான்வென்ட்டில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். பாவம், கன்னியாஸ்திரீகளுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் தெரியாது. காலை மீட்டிங் என்றால் அதிகாரி இன்னும் பஸ்ஸில் வருகிறார். மத்தியான மீட்டிங்கில் பிரியாணி மணக்கும். அதற்கடுத்த மீட்டிங்கில் குறட்டை கேட்கும். வெள்ளிக்கிழமை மீட்டிங் திங்கட்கிழமைதான் முடியும்.

"உள்ள எவ்ளோ பேருப்பா?" என்று பிரேம்நாத்தைக் கேட்டேன்.

"சார் ஒருத்தர்தாம்மா."

"ஒருத்தர் யாரோட மீட்டிங் போடுவாரு?"

"மத்தவங்க வர்ற வரைக்கும் தனியா சமாளிக்கிறாரும்மா."

இந்த நாகரிகம் சொறிபோலப் பரவியது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைக் கேட்டால் டெய்லர் கலீமுல்லா, "மீட்டிங்மா" என்றார். சிலிண்டரை நகர்த்தச் சொன்னால் என் வீட்டுக்காரர் ஞானமுத்துவுக்கும் மீட்டிங்.

சரி, நாமும் போடுவோம் என்றேன். 'மகளிர் நன்னீர் உரிமைச் சங்கம்' என் வீட்டு ஹாலில் உதயமானது. தலைவி நான், செயலாளர் சைரா, பொருளாளர் டோரதி டீச்சர். "தலைவி தொடர் மீட்டிங்கில் இருப்பதால் நேரில் வர இயலாது" என்று அதிகாரி சுந்தரமூர்த்திக்குச் சொல்லியனுப்பினோம். மனிதர் அரண்டுபோனார். தன்னைவிட அதிகமாக மீட்டிங்கில் இருப்பவர் தன்னைவிடப் பெரியவராகத்தானே இருக்க வேண்டும்? மறுநாளே லாரிக்கு உத்தரவு போட்டார்.

லாரி வந்தபோது, முதல் குடம் யாருக்கு என்பது பற்றி நாங்கள் தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தோம்.

"குறுக்க பேசாத சைரா. இன்னும் வரவேற்புரையே முடியல," என்றார் டோரதி.

வாசலில் நாங்கள் காவலுக்கு நிறுத்தியிருந்த என் வீட்டுக்காரர் லாரி டிரைவரை மறித்தார். "அம்மாங்கள்லாம் மீட்டிங்ல இருக்காங்க."

"அடுத்த தெருவுக்குப் போவணும் சார், பேஜார் பண்ணாதீங்க," என்ற டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து குரல் கொடுத்தார். "யாராச்சும் ஒரு குடத்த எடுத்தாந்து வையுங்கம்மா... அம்மா! ஒரே ஒருத்தராச்சும் வாங்கம்மா!"