மூன்றாம் பாகத்தை வெட்டியது நான்தான்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். மாமாவிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்து, கிழித்ததைக் குப்பைக் கூடையில் போடாமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்கள் நலமா, மாமா நலமா, மாமாவின் முழங்கால் நலமா என்று முறைப்படி கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் நலம். பத்து மணிக்குப் பல் டாக்டர் வருகிறார். அதற்கு மேல் என் நலத்துக்கு நான் பொறுப்பில்லை.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் போனில் கிசுகிசுத்தால் பைண்டிங் பட்டறையில் எதிரொலிக்கும் என்பது அங்கேயே வளர்ந்த உங்களுக்குத் தெரியாததா. விக்டோரியா மகாராணி காலத்தில் பெரிய நகரங்களில் ஒரே நாளில் பலமுறை தபால் வருமாம்; காலையில் அலறினால் மாலைக்குள் ஆறுதல் வந்துவிடும். நான் தப்பான நூற்றாண்டில் மாட்டிக்கொண்டேன். எனவே கடிதம் கண்டதும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி பதில் போடுங்கள், உறையின் மேல் அம்மா பெயரை எழுதாதீர்கள்.

பல் டாக்டர் நீங்கள் கல்யாணமாகிப் போன பிறகு வந்த வாடிக்கையாளர். விக்டோரியா காலத்துப் புத்தகங்களையும் அந்தக் காலத்தைப் பற்றிய புத்தகங்களையும் மட்டும் சேர்ப்பவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கட்டை விரல் அகலத்துக்குத் திறந்து, சின்ன டார்ச் அடித்து உள்ளே பார்த்து, "ம்" என்று சொல்லி மூடிவிடுவார். மனிதர்களிடம் நாள் முழுவதும் "நல்லா திறங்க, நல்லா திறங்க" என்பவர் புத்தகத்தை மட்டும் திறக்க விடமாட்டார். ஒருநாள் நான் தாங்க முடியாமல், "சார், இதுல எதையெல்லாம் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "படிக்கிறதா? இதெல்லாம் சேர்க்கிறதுக்கும்மா. படிக்கிறதுக்குத்தான் பேப்பர் வருதே" என்றார். அத்தை, அன்றைக்கே இந்த மனிதருக்கும் எனக்கும் ஏதோ விபரீதம் நடக்கப் போகிறது என்று என் மனசு சொன்னது.

இந்த மாதத் தொடக்கத்தில் அவர் ஒரு அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்களை அனுப்பினார், மொத்தம் பதினொன்று. அப்பா பகலில் தைத்தார், நான் ராத்திரியில் படித்தேன். என் மேசை விளக்கு எரிவதைப் பார்த்த அம்மா, வேதியியல் படிக்கிறேன் என்று நம்பி பால் கொண்டு வந்து வைத்தார். அந்தப் பாலைக் குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது, அப்புறம் அடுத்த பக்கம் வந்துவிட்டது. அத்தை, நீங்கள் இதையெல்லாம் படித்தே ஆக வேண்டும். முதலில் படிக்க வேண்டியது அந்தக் காலத்து வீடுகளைப் பற்றி இந்தக் காலத்தில் ஒருவர் எழுதிய தடிப் புத்தகம். சுவரில் ஒட்டும் பச்சைக் காகிதத்தின் சாயத்தில் விஷம் கலந்திருந்ததாம், செத்துப்போனவர்களின் முடியைப் பின்னி நகையாகக் குத்திக்கொள்வார்களாம். அதைப் படித்த அன்று என் அறைச் சுவர் இளம்பச்சை என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது, போய் அம்மாவை எழுப்பினேன். "அது வெறும் பெயின்ட்டுடி, தூங்கு" என்றார். அடுத்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்த ஒரு நாவல். அடுத்த மாதமும் வாங்க வைக்க வேண்டுமே, அதனால் யாராவது மாடிப்படியில் உருளும்போதுதான் அத்தியாயம் முடியும். பாவம் அந்த ஆள் ஒரு மாதம் முழுக்க உருண்டுகொண்டே இருந்திருப்பார். அப்புறம் ஒரு பஞ்சாலை நகரத்துக் கதை, அதில் வானம் கறுப்பு, தண்ணீர் கறுப்பு, முதலாளியின் மனசு அதைவிடக் கறுப்பு. முடித்ததும் போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். ஆங்கிலத்தில் நான் வாங்கும் மதிப்பெண் உங்களுக்குத் தெரியும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இத்தனையும் படித்திருக்கிறேன் என்றால் அவை எப்படிப்பட்ட புத்தகங்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எடுத்ததுதான் என் தலையில் விழுந்த இடி. மூன்று பாக நாவல். அந்தக் காலத்தில் வாடகை நூலகங்கள் ஒரு நாவலை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பாகமாகக் கொடுக்குமாம், ஒரே கதை மூன்று வீடுகளில் ஓடும். ("மூணு பாகம்னா மூணு அட்டை. நல்ல மனுஷங்க" என்றார் அப்பா.) துறைமுக ஊர் ஒன்றில் மருந்துக்கடைக்காரர் சாகிறார், கடை மகளுக்கு என்று எழுதிய உயில் காணாமல் போகிறது, கடையைப் பெரியப்பா பிடுங்கிக்கொள்கிறார், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ரயில்பாதை அளக்கும் இளைஞன், அவள் சொல்வதை நம்பாமல் பெரியப்பா பக்கம் போய் நிற்கிறான். இரண்டு பாகத்தையும் நான்கே ராத்திரியில் முடித்தேன். இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில் உயிலை எடுத்தவரின் நிழல் சுவரில் விழுகிறது, தொப்பி மட்டும் தெரிகிறது, பாகம் முடிந்துவிட்டது.

மூன்றாம் பாகத்தை எடுத்தால், பக்கங்கள் வெட்டப்படவே இல்லை. இது உங்களுக்குத் தெரியும், மாமா ஒளிந்து படித்தால் அவருக்கும் புரியட்டும்: பெரிய தாளில் பதினாறு பக்கங்களை அச்சடித்து மடித்துத் தைத்துவிடுவார்கள். மேல் ஓரமும் பக்க ஓரமும் மடிப்பாகவே இருக்கும். வாங்குகிறவர்தான் கத்தியால் கீறிக்கொண்டே படிக்க வேண்டும். நூற்றைம்பது வருடமாக இதை ஒருவரும் கீறவில்லை. இரண்டாம் பாகத்தை அப்படி ஒரு இடத்தில் முடித்துவிட்டு, மூன்றாவதை வெட்டாமல் ஒருவர் அலமாரியில் வைத்தார் என்றால் அவர் அன்றைக்கே செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது கல் நெஞ்சம். வெட்டாமல் இருப்பதுதான் அதற்குப் பெருமையாம். அட்டையின் மேல் அப்பா ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: "மூன்றாம் பாகம். திறக்க வேண்டாம்." டாக்டர் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் முதலில் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். வெட்டாமலே தெரிகிற பக்கங்களை மட்டும் படித்தேன். எட்டும் ஒன்பதும் தெரியும், பதினாறும் பதினேழும் தெரியும், நடுவில் இருப்பதெல்லாம் பைக்குள் இருக்கும். எட்டாம் பக்கத்தில் பெரியப்பா சத்தியம் செய்கிறார். பதினாறாம் பக்கத்தில் அவரைப் புதைக்கிறார்கள். இருபத்து நான்காம் பக்கத்தில் அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். அத்தை, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் பாதி இருட்டில் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தேன். முதல் மடிப்பு "கர்ர்" என்றது. அந்தச் சத்தத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பயத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டாவதை வெட்டினேன், அதன் பிறகு எண்ணவில்லை.

சவப்பெட்டியில் இருந்தது மருந்துக்கடை எடைக்கற்கள் அத்தை. வெறும் எடைக்கற்கள். உயிலை எடுத்தது பாதிரியார். கடைசியில் கடை அவளுக்கே வருகிறது. பெரியப்பா காலில் விழுகிறார், பாதிரியார் அழுகிறார், அந்த ரயில்பாதை இளைஞன் மோதிரத்தோடு வந்து நிற்கிறான். அவள் மூன்று பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத் தன் கடையில் தனியாக விளக்கேற்றி உட்காருகிறாள். முந்நூற்று நான்காம் பக்கம். எதிரில் சாத்திய கதவின் படம். அதற்கு அப்புறம் சோப்பு விளம்பரமும் பல்பொடி விளம்பரமும் தெரிந்தன, விளம்பரத்துக்காக இன்னொரு பாவம் எதற்கு என்று அந்தக் கடைசி மடிப்பை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டேன். யாரையும் கேட்காமல் கதவைச் சாத்தினாள் பாருங்கள், அந்தக் காலத்தில், ஒரு பெண். நான் எழுந்து அறைக்குள்ளேயே மூன்று சுற்று நடந்தேன். அத்தை, நான் வளர்ந்தால் அவளைப் போலத்தான் இருப்பேன், நீங்கள் அம்மாவிடம் இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வையுங்கள்.

நடந்து முடித்த பிறகுதான் மடியில் இருந்த காகிதத் தூளைப் பார்த்தேன். "இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் புஸ்தகத்துல என் நகம் பட்டதில்லை" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வாரே, அந்தப் பெயரை நான் ஸ்கேலால் கீறிவிட்டேன். இந்தப் பெட்டி நன்றாக வந்தால் தன் பீரோவில் இருப்பது முழுவதையும் அப்பாவிடமே தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருட வேலை. அப்பா அதற்காகப் பட்டறையில் ஒரு சுவரையே ஒழித்து வைத்திருக்கிறார். தினமும் போய் அந்தக் காலிச் சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறார். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

நீங்கள் ஆறு வருடம் அப்பாவோடு பட்டறையில் வேலை செய்தவர். வெட்டிய மடிப்பைத் திரும்ப ஒட்ட முடியுமா? மெல்லிய காகிதம் வைத்து, நீர்த்த பசை தடவி, ராத்திரியோடு ராத்திரியாக? நூறு மடிப்புக்கு மேல் இருக்கும், நான் தூங்காமல் செய்வேன். பசை எத்தனை பங்கு தண்ணீர் என்று மட்டும் எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள், நான் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், எப்படிச் சொல்வது என்றும் சேர்த்து எழுதுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தங்கள் ஆசியை எப்போதையும்விட அதிகமாக வேண்டும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் செரு


பின்குறிப்பு: மறுநாள் மாலை ஐந்து மணி. மேலே முதல் வரியை அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை எல்லாரிடமும் காட்டுங்கள், மாமாவில் தொடங்குங்கள்.

நேற்றுக் கதவைத் திறந்தால் அப்பா நின்றார், கையில் என் ஸ்கேல். புத்தகத்தைத் திரும்ப வைக்கப் போனபோது பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"இது உன்னோடதா?"

"ஆமாப்பா."

"இதாலயா வெட்டினே?"

"ஆமாப்பா."

"எலி கடிச்ச மாதிரி இருக்கு. பைண்டர் பொண்ணு வெட்டினதுன்னு வெளிய சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

கட்டிலில் உட்கார்ந்தார். நான் அழ ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மெதுவாக, "சரி, உயிலை எடுத்தது யாரு?" என்றார்.

"நீங்களும் படிச்சீங்களா?"

"தைக்கும்போது கண்ணு சும்மாவா இருக்கும்?"

"பாதிரியார்ப்பா."

"நினைச்சேன். முதல் பாகத்துலயே அந்தாளு அடுத்தவன் குடையை எடுத்துட்டுப் போனான்."

ஒட்டிவிடலாமா, அத்தையைக் கேட்கிறேன் என்றேன். "அவளையா? அவ ஒட்டிக் குடுத்த அகராதில இன்னும் 'ச' வரிசை பிரியலை" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள், சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. காலையிலேயே போன் செய்து டாக்டரை வரச் சொன்னார். அவர் கையுறை போட்டு முடிக்கும் முன்பே, "டாக்டர், திறக்க வேண்டாம்னு நீங்க கோடு போட்டதை நாங்க திறந்துட்டோம்" என்றார். 'நாங்க' என்றார் அத்தை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன், அங்கேயே இன்னொரு முறை அழுதேன்.

டாக்டர் தையல் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகத்தோடு ஒவ்வொரு ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். கடைசியில் நின்றார். "இது ஒண்ணு மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது விளம்பரம் சார்" என்றேன் நான்.

அவர் மடிப்பை லேசாக விரித்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். "இல்லையேம்மா. உள்ள கதை இருக்கு. யாரோ கதவைத் தட்டறாங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. அப்பா காகிதம் வெட்டும் எலும்புக் கத்தியைத் துடைத்து டாக்டர் பக்கம் நீட்டினார்.

"நான் இதுவரைக்கும் ஒண்ணைக்கூட வெட்டினதில்லை" என்றார் டாக்டர்.

"உங்க புஸ்தகம், உங்க இஷ்டம்" என்றார் அப்பா.

டாக்டர் கத்தியைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார். என்ன கை அத்தை அது, ஒரு நார்கூடப் பிசிறவில்லை. நின்றபடியே ஆறு பக்கமும் படித்தார். ஓர் இடத்தில் "அட" என்றார். முடித்து மூடினார்.

"சார், யாரு தட்டினது?"

அவர் என்னைப் பார்த்தார். "முன்னாடி ரெண்டு பாகமும் நல்லா இருக்குமாம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கும் சார். யாரு சார் தட்டினது?"

"அப்ப முதல்ல இருந்து நான் படிக்கணும். படிச்சு முடிச்சதும் இதைத் தரேன், நீயே பாத்துக்கோ."

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"ராத்திரிக்கு ரெண்டு பக்கம் படிச்சாலே எனக்குக் கண்ணு சொக்கிடும்மா" என்று சொல்லி மூன்று பாகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் நின்று அப்பாவிடம், "பீரோவை ஆள் விட்டு அனுப்பறேன். வெட்டாதது எல்லாத்தையும் வெட்டிடுங்க. ஸ்கேல் வேண்டாம்" என்றார்.

மூன்று பாகமும் சேர்ந்து தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். எனக்குக் கணக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கு உடனே வந்தது: ஒன்றேகால் வருடம். அப்பா காலிச் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார், திடீரென்று நிறுத்தி, "அந்த ரயில்பாதைக்காரனா இருக்குமோ?" என்கிறார். மத்தியானம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பெரியப்பனா இருந்தா கதவைத் திறக்கக் கூடாது" என்றார். அம்மாவுக்கு எங்கள் இருவர் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

எனவே அத்தை, அவள் கடைசிவரை தனியாக இருந்தாள் என்று மேலே நான் எழுதியது எதையும் நம்பாதீர்கள், அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லியும் வைக்காதீர்கள். பசை விஷயத்தை மறந்துவிடுங்கள். நாவலின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் இருக்கும் எல்லா நூலகங்களிலும் கேளுங்கள், மாமாவையும் முழங்காலோடு அனுப்புங்கள். கிடைத்தால் மூன்றாம் பாகம், முந்நூற்று ஆறாம் பக்கம். தட்டியது யார் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அவள் கதவைத் திறந்தாளா என்று எழுதிவிடாதீர்கள், அதை நான் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.