மாமனார் பஸ் ஓட்ட வாங்கிய கம்ப்யூட்டர்

சந்தவாசல்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நவீன்குமார் அவர்களுக்கு,

மாமனார் கோகுலகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை மங்கம்மாளும் சௌக்கியம், என் வலது முட்டி நீங்கலாக. பெங்களூரில் தங்களுடைய சௌக்கியத்தையும் மகள் அமுதவல்லியின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேசினால் அமுதவல்லி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஆகவே கடிதம்.

முப்பத்திரண்டு வருடம் ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டி, ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட உரசாமல் ஓய்வு பெற்றவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. இனிமேல் ஸ்கூட்டர்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, நான் சாப்பிட உட்கார்ந்தாலும் இடது கையால் கியர் மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டலாம் மாமா" என்றது நீங்கள்தான். அறுபதாயிரத்துக்குள் என்னென்ன பாகம் வாங்க வேண்டும் என்று லிஸ்டும் அனுப்பினீர்கள். அந்த லிஸ்டை அப்படியே பின்பற்றினேன், ஏறக்குறைய.

துணைக்கு என் பழைய கண்டக்டர் சுப்பிரமணியைக் கூட்டிக்கொண்டு வேலூர் போனது முதல் தப்பு. கடைக்காரர் கலீலுல்லா பாய் தங்கமான மனுஷன், லிஸ்டைப் பார்த்ததுமே, "யார் எழுதினதுங்க, கரெக்டா இருக்கு" என்றார். கடைக்காரரே கரெக்ட் என்றால் அதில் அவருக்கு லாபம் இருக்கிறது என்று சுப்பிரமணி என் காதில் சொன்னான். பவர் சப்ளையைக் காட்டினால், "கரண்ட்டு நம்ம வூட்ல இருக்குதே, சப்ளைக்கு இவருக்கு இன்னாத்துக்குத் தனியா துட்டு?" என்று சண்டைக்குப் போனான். பாய் அது இல்லாமல் விற்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டதால் அது மட்டும் தப்பித்தது. பிராசசரில் நீங்கள் எழுதியதைவிட ஆயிரத்துச் சொச்சம் குறைவாக, பெயர்க் கடைசியில் எஃப் என்று எழுத்து போட்ட ஒன்று இருந்தது. "எஃப்னா ஃபர்ஸ்ட் கிளாஸு டிரைவரே, அதைப் புடி" என்றான். புடிச்சேன். கிராபிக்ஸ் கார்டுதான் இருக்கிறதிலேயே விலை. அதை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டு, அந்தக் காசில் கண்ணாடிக் கதவு வெச்ச பெட்டி, ஏழு கலர்ல எரியிற ஃபேன் ஆறு, நல்ல ஸ்டியரிங், பெடல் எல்லாம் எடுத்தோம். பாய், "சார், இந்தப் பிராசசருக்குக் கார்டு இல்லாம படமே வராதுங்க" என்று மூணு தரம் சொன்னார். மூணு தரம் சொன்னதாலதான் எங்களுக்குச் சந்தேகமே வந்துச்சு.

பஸ்ஸில் கண்ணாடிப் பெட்டிக்கு ஜன்னலோர சீட்டு கொடுத்துவிட்டு நான் கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தேன். வூட்ல வெச்சு சுவிட்சைப் போட்டா, மாப்பிள்ளை, இன்னா வெளிச்சம்! ஆறு ஃபேனும் சுத்துது, சிவப்பு, பச்சை, ஊதான்னு மாறி மாறி எரியுது, தெருவே வந்து பாக்குது, பக்கத்து வூட்டு முனியம்மா செருப்பைக் கழட்டிட்டு வந்து கன்னத்துல போட்டுக்கினாங்க. படம் வர்றதுக்குச் சொருகி வெச்ச டிவி பொட்டியில மட்டும் அமாவாசை. ரெண்டு நாள் அந்தக் கறுப்பு முன்னால ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். மூணாவது நாள் உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "இன்னாங்க, உங்க பஸ்ஸுக்கு ஹெட்லைட் இல்லியா?"ன்னா.

அவ மறுநாள் காலையில கண்ணாடிப் பெட்டியைப் புடவையில கட்டி இடுப்புல வெச்சுக்கினு தனியா வேலூர் போனா. பாய்கிட்ட பெட்டியையும் ஃபேனையும் திருப்பிக் குடுத்து, மேல கொஞ்சம் போட்டு, ஒரு தகரப் பெட்டியும் கைமாறின கிராபிக்ஸ் கார்டும் மாத்தி, பாய் கையாலேயே எல்லாத்தையும் பூட்டி, ஓட விட்டுப் பாத்துட்டு சாயங்காலம் வந்து எறங்குனா. நானும் சுப்பிரமணியும்னு ரெண்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் புத்திசாலிங்க செய்யாததை இவ ஒருத்தி செஞ்சா.

படம் வந்துச்சு. வந்ததே வினை. அந்த பஸ் கேம்ல வர்றது ஏதோ வெளிநாட்டு ஊரு, அங்க ரோட்டுக்கு வலப்பக்கமா போவணுமாம், யாரு கண்டா? முதல் நிமிஷத்துல தபால் பெட்டி, ரெண்டாவது நிமிஷத்துல ஒரு ஐஸ்கிரீம் வண்டி. ஒரு மணி நேரத்துல பதினோரு விபத்து. சுப்பிரமணி பின்னால நின்னுக்கினு ஒவ்வொண்ணுக்கும் விசில் ஊதுறான், அதோட வுடாம பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலயும் போய்ச் சொல்லிட்டான். நேத்து படவேட்டுல இருந்து ஒருத்தர் போன் பண்ணி, "உங்களுக்கு சஸ்பெண்டாமே?"ன்னு துக்கம் விசாரிக்கிறாரு.

முப்பத்திரண்டு வருடத்துப் பெயர் மாப்பிள்ளை, ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வந்து இந்தக் கம்ப்யூட்டரை ஸ்டியரிங்கோடு பெங்களூருக்கு எடுத்துச் சென்றுவிடவும். இது என் முடிவு, இதில் மாற்றமில்லை.

அமுதவல்லிக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம். படவேட்டு அம்மன் உங்கள் இருவரையும் வலப்பக்கமோ இடப்பக்கமோ பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
மு. கோகுலகிருஷ்ணன்,
ஓட்டுநர் (ஓய்வு)

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வந்து எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடி உள்ளே போனால், உங்கள் அத்தை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று ட்ரிப் முடித்துவிட்டாள், ஓர் உரசல் இல்லை. சுப்பிரமணி அவள் பக்கம் சேர்ந்துவிட்டான். "எந்திரி, என் முறை"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்காம சொல்றா: "நடுவுல நிக்காது. இது பாயின்ட் டு பாயின்ட்."