மூளை சாரும் பதறாத எலிகளும்

விருதுநகர் மாவட்டத்துக் கோபத்தையெல்லாம் ஒரே ஆளுக்குள் அடைத்தால், அவர்தான் எங்கள் ‘மூளை சார்’. சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். நான் அதே துறையில் அவரிடம் தினமும் திட்டு வாங்கிய இளையவன். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் மின்விசிறியையே திட்டுவார்.

மூளையைப் பாதிக்கும் மருந்துகள்தான் அவருடைய ஆராய்ச்சி. அப்போது, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பட்டாசு ஆபீஸ் (பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) ஆட்கள் நெஞ்சு படபடக்கிறது என்றால் போதும், மருந்துக் கடைக்காரர் சீட்டே இல்லாமல் நரம்பு மாத்திரையை அள்ளிக் கொடுப்பார். அது மூளையை என்ன செய்கிறது என்று சார் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடைக்காரரையும் விடவில்லை. “ஏலே, மிட்டாயா விக்கிற?” என்று நடுத்தெருவில் நின்று கேட்டார்.

முனைவர் பட்டம் கிடைத்தால் துறைத்தலைவர் பதவி அவருக்குத்தான். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர், சோதனையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வெடிச் சத்தத்துக்கு மாத்திரை தின்ற எலி சும்மா இருக்க வேண்டும், தின்னாதது பதறிக் குதிக்க வேண்டும். மதுரையிலிருந்து வாங்கிவந்த எலிகள் ஒழுங்காகக் குதித்தன. அவை செத்துப்போனதால், எலி வளர்க்க நாரணாபுரத்தில் நாங்கள் போட்டிருந்த கொட்டகையில் பிறந்த குட்டிகளை வளர்த்து வைத்திருந்தோம். பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் தினமும் சாம்பிள் வெடிப்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? அதைக் கேட்டே வளர்ந்த குட்டிகளுக்கும் அது ஒரு சத்தமாக இருக்காது என்பது சாருக்கும் எனக்கும் உறைக்கவில்லை.

லட்சுமி வெடி வெடித்தது. தேர்வாளர் நாற்காலியோடு மல்லாந்தார். மாத்திரை தின்னாத எலி கடலை கொறித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று போட்டோம். எலி தூங்கிவிட்டது.

“குதிச்சதுன்னு எழுதிருங்க சார், யாரு பாக்கப்போறா?” என்றார் கூட இருந்த கல்லூரி முதல்வர். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் தேர்வாளரும் தலையாட்டினார்.

“எலி கடலை தின்னுச்சு. அதத்தான் எழுதுவேன். பொய் எழுதிப் பட்டம் வாங்கிட்டு, எந்த மூஞ்சிய வச்சு அந்தக் கடைக்காரன வைவேன்?” என்று மேசையை அடித்தார் சார்.

பட்டம் போயிற்று. பதவி, வாழ்நாளில் ஒரு எலியைக்கூடத் தொடாத ஒருவருக்குப் போயிற்று. பாவிகள்! நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று மாலை சார் கொட்டகைக்குப் போனார். கூண்டைத் தூக்கி எறியப்போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். அவரோ குத்தவைத்து உட்கார்ந்து, கைநிறையக் கடலையை உள்ளே போட்டார்.

“எதுக்கும் பயப்படாம இருக்கீக. நல்லா இருங்க.”

என்னைப் பார்த்ததும், கதவைத் திறந்துபோட்டு வந்ததற்குக் கண்டபடி திட்டினார். திட்டிக்கொண்டே இன்னொரு பிடி கடலையைக் கூண்டுக்குள் போட்டார். திட்டி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.