புகை அண்ணாச்சியும் வேலூர்க் காரும்

பூனாவில் ஓடிய வண்டிகளில் பாதியின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் நிக்டி காலனியில் குடியிருந்தார். மீதிப் பாதியை அவர் முகராமல் விட்டதற்குக் காரணம், அவை சிக்னலில் நிற்காமல் போனதுதான்.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும். காலனித் தமிழர்களுக்கு அவர் புகை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். பிம்ப்ரியில் ஒரு இன்ஜின் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. காலனிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் ஆள் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அண்ணாச்சி ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. தொட்டவர்களையும் தள்ளி நிற்கச் சொல்வார். மூக்கு கெட்டுவிடுமாம். பாடகர்கள் தொண்டையைக் காப்பாற்றுவது போல அவர் மூக்கைக் காப்பாற்றினார். ஊதுபத்தி எரிகிற வீட்டில் காபி கொடுத்தால்கூட வாசலில் நின்றுதான் குடிப்பார்.

அவருடைய வைத்திய முறை எளிமையானது. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். சற்று நேரம் கழித்து அதை எடுத்து நான்காக மடித்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். பிறகு தீர்ப்பு வரும். "ஆயில் எரியுது", "ஒரு பிளக் வேலை செய்யல", "பம்ப்காரன் மண்ணெண்ணெய் கலந்துட்டான்". கைக்குட்டைகளை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்க மாட்டார். அதற்குத் தனி வாளி, தனிக் கொடி.

ஒருமுறை சிஞ்ச்வட் போகும் ஷேர் ஆட்டோவில் அவரோடு போனேன். ஆறு பேர் உட்காரும் டீசல் வண்டியில் பதினோரு பேர் இருந்தோம். பாதி வழியில் அண்ணாச்சி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பின்னால் முகர்ந்துவிட்டு வந்து, அவருக்குத் தெரிந்த மராத்தியில் டிரைவரிடம் இன்ஜினுக்கு ஆயுசு முடிந்துவிட்டது என்றார். டிரைவர், உமக்கும்தான் வயதாகிவிட்டது, நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான். நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அண்ணாச்சிக்கு அந்த இன்ஜினைப் பற்றித்தான் கவலை.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வாசலில் நின்ற ஸ்கூட்டரை முகர்ந்தவர் அவர். கல்யாண ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டியின் பின்னாலேயே நடந்து, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டு வந்தவர். இவ்வளவுக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சைக்கிளில்தான் போவார். ஏன் என்று கேட்டால், "பிரசவம் பாக்கிறவன் எல்லாம் பிள்ளை பெறணுமாவே?" என்பார்.

இப்போது வேலூர்க் காருக்கு வருகிறேன். அது வேலூரில் இருந்த என் மாமனாருடையது. தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய பெட்ரோல் கார். கார்புரேட்டர் கிடையாது, ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமை. மாமனார் அதைத் தன் மூத்த பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அவர் காலமானபோது என் மனைவி பானு வீடு, நகை எதிலும் பங்கு கேட்கவில்லை. அப்பாவின் கார் மட்டும் வேண்டும் என்றாள். அவள் அண்ணன், இந்தப் பழைய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், வாங்க ஆள் தயாராக இருக்கிறது என்றார். கடைசியில், வண்டியை மகாராஷ்டிராப் பதிவுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் அவளுக்கு, முடியாவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவானது. வண்டியைப் பூனாவுக்குக் கொண்டுவந்தோம். பதிவை மாற்ற வேண்டுமானால் புகைச் சான்றிதழ் வேண்டும்.

பெட்ரோல் பங்க் பக்கத்தில் புகை பார்க்கிற பையன் குழாயைச் சைலன்சருக்குள் விட்டான். மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. இருக்க வேண்டிய அளவைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை. கார்பன் மோனாக்சைடு எக்கச்சக்கம் என்றான். நல்ல பையன். குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்தால் காற்றும் சேர்ந்து அளவு குறையும், பாஸ் போட்டுத் தருகிறேன் என்று என் காதில் சொன்னான். நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

"குழாயை முழுசா உள்ள விடுடே," என்றார் புகை அண்ணாச்சி. தமிழில்தான் சொன்னார். பையனுக்குப் புரிந்துவிட்டது.

கைக்கு எட்டிய சான்றிதழைத் தட்டிவிட்ட கையோடு, வைத்தியத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். கைக்குட்டை வெளியே வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாதே, எப்படி முகர்ந்து கண்டுபிடிப்பீர்கள் என்று அந்தப் பையன் ஹிந்தியில் கேட்டான். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்கு வாசனை இல்லன்னு எனக்கும் தெரியும்வே. ஆனா அது தனியா வராது. கூட்டாளிகளோடதான் வரும்."

தீர்ப்பு: இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, எரிந்து முடிவதில்லை. ஏன் கூடுதலாகப் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்குள் நான் ஒரு கராஜில் காட்டியிருந்தேன். அவர்கள் பிளக்கை மாற்றினார்கள், ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. எது கெட்டது என்று தெரியாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவன் மெக்கானிக் இல்லை, வியாபாரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் கார் பானெட்டைத் திறந்தபடி நின்றது. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பில் கிழிசல் இருந்தால் அதன் சின்ன ரப்பர் குழாயில் பெட்ரோல் ஈரம் இருக்கும் என்று இழுத்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. பெட்ரோல் பீய்ச்சும் ஊசிகள் ஒழுகுகின்றனவா என்று பார்த்தார். இல்லை. ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும், மாமனாரின் வண்டியைப் பார்த்துவந்த முகம் தெரியாத வேலூர் மெக்கானிக்கைத் திட்டினார். "எவனோ கை வச்சிருக்கான். ஒங்க ஊர்க்காரன் எதையோ நோண்டி வச்சிருக்கான்" என்பார். பானுவுக்கு வேலூரைச் சொன்னால் பொறுக்காது. முதல் வாரம் காபியோடு பஜ்ஜி வந்தது. அடுத்த வாரம் காபி மட்டும். அதற்கடுத்த வாரம் நானே போட்டுக் கொடுத்தேன். மைத்துனர் போனில், வாங்குகிற ஆள் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் பானு போய் அந்தக் காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

டிசம்பர் குளிரில் ஒரு நாள் அண்ணாச்சி, வண்டியை நீளமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கடக்வாஸ்லா அணை வரைக்கும் போனோம். பானு ஓட்டினாள். நான் முன்சீட்டில். அண்ணாச்சி பின்னால் நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டு, வழி முழுக்கச் சூடு காட்டும் முள்ளையே பார்த்தபடி வந்தார். அணை வந்துவிட்டது. முள் ஏறவே இல்லை. இவ்வளவு தூரம் ஓடியும் இன்ஜினுக்குக் குளிர் விடவில்லை.

மறுநாள் காலை, குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். முறைப்படி அது வெகுநேரம் சில்லென்று இருந்து, இன்ஜின் சூடானபிறகு சட்டென்று சுட வேண்டுமாம். இது முதலிலிருந்தே மெதுவாக வெதுவெதுத்தது. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு உண்டு, இன்ஜின் சூடாகும்வரை அது மூடியிருக்கும், இதில் அந்தக் கதவு திறந்தபடியே நிற்கிறது என்றார். இன்ஜின் சூடாவதே இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியோ, பாவம், இன்னும் விடியற்காலைதான் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்பானரைக் கேட்டு வாங்கி மூடியைக் கழற்றினார்.

உள்ளே கதவு திறந்து நிற்கவில்லை. கதவே இல்லை.

அண்ணாச்சி நிமிர்ந்து நின்று, திருநெல்வேலியிலிருந்து பூனா வரைக்கும் சேர்த்துவைத்திருந்த வசவுகளை எல்லாம் அந்த வேலூர் மெக்கானிக் மேல் கொட்டினார். அவன் குடும்பம், அவன் படித்த பள்ளிக்கூடம், எதையும் விடவில்லை. பானு அந்த வெற்றுக் குழியை எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் எடுத்தீங்க அண்ணாச்சி," என்றாள்.

எங்கள் மகளுக்குப் பெயர் வைத்த சமயம், மாமனார் கோடை வெயிலில் வேலூரிலிருந்து இந்தக் காரிலேயே வந்தார். கம்பாட்கி மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மறுநாள் நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணாச்சி வந்து, ஸ்பிரிங் வைத்த ஒரு வட்டச் சாமானை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார். நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, இது வெள்ளைக்காரன் குளிருக்கு வச்சது என்று மாமனாரிடம் சொல்லியும் இருக்கிறார். காபி கொண்டுவந்து கொடுத்த பானு அப்போது பார்த்தது. அந்தச் சாமான் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கார்புரேட்டர் காலத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்த காரியம்தான். எத்தனை வண்டியில் எடுத்தோம் என்று அண்ணாச்சிக்கே நினைவில்லை. வேலூர் வெயிலில் இன்ஜின் எப்படியோ ஒப்பேற்றிவிட்டது. நிக்டிக் குளிரில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டார். மூடியைத் திருப்பி மாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஆளையே காணோம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜூனா பஜாரில் பழைய சாமான் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறார் என்று மதினி சொன்னார். அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.

ஒரு மாலையில் வந்தார். கையில் அதே மாதிரி ஒரு வட்டச் சாமான். நேராக அடுக்களைக்குப் போய், பானுவின் பால் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்து, அதை உள்ளே போட்டார். மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். தண்ணீரில் ஆவி கிளம்பியது. அந்தச் சின்னக் கதவு அசையவில்லை. தண்ணீர் கொதிக்கப் போகிற சமயத்தில் அது மெல்ல, முழுசாகத் திறந்தது. பால் பாத்திரம் போனதைப் பானு பொருட்படுத்தவில்லை. பஜ்ஜிக்கு மாவு கரைக்கத் தொடங்கினாள்.

அதை வண்டியில் மாட்டிவிட்டு மறுபடி புகை பார்க்கப் போனோம். அண்ணாச்சி கேட்காமலே அந்தப் பையன் குழாயை முழுசாக உள்ளே விட்டான். எண் ஏறியது, நின்றது, இறங்கியது. பாஸ். பானு சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணாச்சி சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஒங்க அப்பா இருக்கும்போதே திருப்பி மாட்டியிருக்கணும் தாயி. அவர் வண்டியைக் கெடுத்தவன் நான்."

"அப்பா கடைசிவரைக்கும் ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தார் அண்ணாச்சி," என்றாள் பானு. "பெட்ரோல் கொஞ்சம் அதிகமா குடிக்குது, ஆனா பூனாவுல ஒருத்தர் கை வச்சப்புறம் நடுவழியில என்னை நிறுத்தினதே இல்லன்னு. அந்த தைரியத்துலதான் அவர் தனியாவே அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து என்னைப் பார்த்துட்டுப் போவார்."

அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்தார். முதல் தடவையாக அதை முகத்துக்கு வேறு காரியத்துக்காகக் கொண்டுபோனதைப் பார்த்தேன்.

சைக்கிளை அந்தப் பையனிடம் விட்டுவிட்டு எங்களோடு காரில் வரும்படி பானு அவரைக் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார். நான் அவருக்கு முன்னால் புகுந்து உட்கார்ந்துகொண்டு, முன்னால போங்க அண்ணாச்சி என்றேன். அதற்குப் பிறகு அவர் பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை, அவர் ஏறிய நாளெல்லாம் எனக்கு இடம் பின்சீட்டில்தான். அவர் போனபிறகு பானுவின் பக்கத்துச் சீட்டு எனக்கே திரும்பி வந்தது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருக்கவில்லை.