கடல் தெளியட்டும்ப்பா

"இப்ப வராதீங்கப்பா. மழைக்காலம். கடல் கலங்கிக் கெடக்கு. கையை நீட்டுனா கை தெரியல" என்றான் அந்தமானிலிருந்து இனியவன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வரப்பில் நின்றபடி போனைக் காதில் வைத்திருந்த வைரக்கண்ணு, "சரிப்பா" என்றார். வேறு எந்தச் சாக்குச் சொல்லியிருந்தாலும் மகனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். பருவம் சரியில்லை என்றால் டெல்டாக்காரன் என்னத்தைப் பேசுவது? பட்டம் தப்பினால் நட்டம் என்று கேட்டே வளர்ந்த ஜென்மம்.

இனியவன் அங்கே சுற்றுலா வருகிறவர்களின் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிறான். அவன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. ஊருக்கு வாடா என்றால் லீவு இல்லை. நான் வருகிறேன் என்றால் சீசன் இல்லை. ஜனவரியில் வாங்க, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று சொல்லி வைத்தான்.

ஜனவரியில் சம்பா அறுவடை. மகனா, நெல்லா? வைரக்கண்ணு யோசிக்கவே இல்லை. வழக்கமான ரகத்தை விட்டுவிட்டு, டிசம்பரிலேயே அறுப்புக்கு வரும் குறுகிய வயசு நெல்லை விதைத்தார். மனைவி அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டது வீண் போகவில்லை. கதிர் முற்றிச் சாயும் நேரம் பார்த்து மார்கழி மழை கொட்டித் தீர்த்தது. நெல்லெல்லாம் கதிரிலேயே முளைத்துவிட்டது. போனது போகட்டும், அறுக்க ஒன்றும் இல்லை, ஜனவரியில் ஓய்வுதான் என்று மகனைக் கூப்பிட்டார்.

இனியவன், இந்த ஜனவரியில் காற்று ஜாஸ்தி என்றான். பிப்ரவரியில் பார்க்கலாமாம். ஆனால் வயசானவர்களுக்கு மூச்சு பலமாக இருக்க வேண்டுமாம், டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டுமாம்.

மூச்சுதானே, என்ன பிரமாதம்? ஊர்க் குளத்தில் கழுத்தளவு நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிப் பழகினார். அடுத்த நாளே யாரோ தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். பயிர் போன துக்கத்தில் மனுஷன் குளத்தில் இறங்கிவிட்டார் என்று பாதி ஊர் கரையில் நின்றது. நான் கடலுக்குப் பழகுகிறேன் என்று அவர் விளக்கியதும், ஐயோ பாவம், புத்தியும் பேதலித்துவிட்டது என்று மீதி ஊரும் வந்து சேர்ந்தது. பஞ்சநதம் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் ஆறுதல் சொன்னார். அதற்குக் குளமே தேவலை.

குடித்த குளத்துத் தண்ணீர் நெஞ்சில் சளியாகக் கட்டியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், சர்டிபிகேட் கொடுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்குவதற்குள் மாசி முடிந்துவிட்டது. ஆசையாக மகனைக் கூப்பிட்டால், இப்போது தண்ணீரில் பாசி பெருகிக் கிடக்கிறது, ஒன்றுமே தெரியாது என்றான்.

போனை வைத்ததும் அம்சம் கேட்டாள். "கடல் கலங்குனா மீனு தெரியாது, சரி. பெத்த புள்ள மூஞ்சி கூடவா தெரியாது?"

வைரக்கண்ணுக்குச் சுருக்கென்று பட்டது. தான் பார்க்க ஏங்கியது மீனையா? மகனிடம் சொல்லாமலே போய்க் கரையில் நின்று அவனைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். மறுநாள் காலையில் பஸ் ஏறி, கூத்தாநல்லூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஃபாஜிலிடம் போய், அந்தமானுக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னார். இது சீசன் இல்லைதான், பரவாயில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஃபாஜில் சிரித்தார். யார் சொன்னது? போன வாரம்தான் குடும்பத்தோடு போய்க் கடலுக்குள் இறங்கிவிட்டு வந்தாராம். அடிமணல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்ததாம். திருத்துறைப்பூண்டிப் பையன் ஒருத்தன், பெயர் இனியவன், கையைப் பிடித்துக் கூட்டிப்போனானாம். தங்கமான பிள்ளையாம்.

வைரக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் தெளிவாகத்தான் இருந்தது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. தங்கமான பிள்ளை என்பது மட்டும் ஏறியது.

"அது என் மவன்தாங்க. நான்தான் அவன் அப்பா."

டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த ஃபாஜில் நிமிர்ந்து பார்த்தார்.

"வெளயாடாதீங்கண்ணே. அவங்க அப்பாவ சுனாமி கொண்டுபோன கதைய அந்தப் பையன் சொல்லச் சொல்ல, போட்டுல இருந்த அத்தன பேரும் அழுதோம்."